சொம்பு கைமாறிய சனிக்கிழமைகள்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் டன்லப் ஸ்ட்ரீட்டில் பாத்திரக் கடைக்கு மேலே எங்களுக்கென்று ஓர் அறை இருந்தது. இப்போது அது முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் சுற்றும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கும் விடுதி. போன வாரம் டெக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வேலை மெனக்கெட்டுச் சுற்றிப் போய் அந்தப் படிக்கட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் மேலிருந்து எட்டிப் பார்த்து "ஹலோ" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மீன் பையோடு நின்று அழும் பொம்பளையைப் பார்த்து அவன் பயந்துபோய் உள்ளே ஓடிவிட்டான்.

நோயால் அழவில்லை. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். என் போன்றவர்கள் கண் கலங்கினால் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்க உடனே நாலு பேர் வந்துவிடுவார்கள். கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலும் அதே கேள்விதான். ஊரில் எல்லோருக்கும் பழைய நாள் நினைவு வருகிறது; எனக்கும் வந்தது. அழுதேன், மூக்கைச் சிந்தினேன், புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு ரயில் ஏறினேன். அவ்வளவுதான்.

எனக்கு இருப்பது பைபோலார். சில மாதம் கால் தரையில் பாவாது. சில மாதம் தலை தலையணையை விட்டு எழாது. சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தபோது, முதல் வகை மாதங்களில் மூன்று பேர் வேலையை ஒருத்தியாகச் செய்து நல்ல பெயர் எடுத்தேன். இரண்டாம் வகை மாதங்களில் மெடிக்கல் லீவு எடுத்து அந்தப் பெயரைக் கெடுத்துக்கொண்டேன். கணவர் போன பிறகு இரண்டும் மாறி மாறி என்னைப் பந்தாடின. வேலையும் போயிற்று. மகள் இனியாதான் என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் மாத்திரையையும் கொடுத்து, "தமிழ்லயே ஒரு குரூப் இருக்கு பூவம்மா, சனிக்கிழமை மத்தியானம், லிட்டில் இந்தியாவுல" என்று சேர்த்தும் விட்டார்.

ஊர் வாய்க்குப் பயந்தவர்களைக் கூட்டிவந்து ஊரே கூடும் இடத்திலா உட்கார வைப்பார்கள் என்று எனக்குக் கோபம். போன பிறகுதான் புரிந்தது. அங்கே சிராங்கூன் ரோட்டில் ஒரு தமிழரைப் பார்த்து ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கையில் ஒரு கட்டு கறிவேப்பிலை இருந்தால் போதும்.

குரூப்பை நடத்தியவள் வைஷாலி. படிப்பு முடித்த கையோடு வந்த ஆலோசகர். பள்ளிக்கூடத்துத் தமிழில் "தங்கள் மனநிலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள்" என்பாள். பதற்றம் வந்தால் முழுக்க இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள். முதல் நாள் ஒரு பஞ்சுக் கரடியைக் கொண்டுவந்து, இதைக் கையில் வைத்திருப்பவர் மட்டும்தான் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும் என்றாள். கதிரேசன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"கிரேன் ஓட்டின கையில பொம்மையைக் குடுக்கிறியேம்மா. பஞ்சாயத்துன்னா சொம்பு வேணும்லா."

சொன்னதோடு நிற்காமல் கீழே பாத்திரக் கடைக்குப் போய் ஓர் எவர்சில்வர் சொம்பு வாங்கிவந்து நடுவில் வைத்துவிட்டார். வைஷாலி உட்பட எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து எங்களுக்குச் சொம்புதான். சொம்பு யார் கையில் இருக்கிறதோ அவர் பேசுவார். முடித்ததும் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து "கேட்டோம்" என்போம். பேச மனமில்லாவிட்டால் "இன்னைக்கு இல்ல" என்று சொல்லி வலப்பக்கம் இருப்பவரிடம் கொடுத்துவிடலாம். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. அறிவுரையும் சொல்லக் கூடாது. ஒரு தமிழனை உட்கார வைத்து அறிவுரை சொல்லாதே என்றால் அவன் என்ன பாடுபடுவான் என்று நான் அங்கேதான் பார்த்தேன். கதிரேசன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வார்.

இன்னொரு விதியும் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாதவர்கள் மாதிரிப் போய்விட வேண்டும். பெயர்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

அந்த அறைக்குள் கீழிருந்து பாத்திரம் அடுக்கும் சத்தம் வரும். பக்கத்துப் பூக்கடை மல்லிகையும், எதிர்க் கடையில் பரோட்டாவுக்குக் காய்கிற எண்ணெயும் சேர்ந்து ஒரு வாசனை வரும். மின்விசிறி லொடலொடவென்று சுற்றும். அங்கே உட்கார்ந்துதான், கடலூர்ப் பக்கமிருந்து கணினி வேலைக்கு வந்த ரஃபீக், தினமும் அம்மாவிடம் போனில் பிரியாணி சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பட்டினியாகப் படுத்ததைச் சொன்னான். அங்கே உட்கார்ந்துதான் நான், வேறு எங்கும் சொல்ல முடியாத ஒன்றைச் சொன்னேன். என் பழைய உச்சத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது என்றேன். தூக்கமே இல்லாமல் அடுக்குமாடி புளோக் முழுவதற்கும் கேசரி கிளறிக் கொடுத்த நாட்கள், தாழ்வாரத்தில் பாடிக்கொண்டே எல்லார் வீட்டு வாசலிலும் கோலம் போட்ட நாட்கள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வாசலில்கூட மயில் போட்டேன். பைத்தியக்காரத்தனம்தான், எனக்கும் தெரியும். ஆனால் மாத்திரைக்குப் பிறகு அந்த மாதிரி ஒரு காலை எனக்கு விடியவே இல்லை. இதை டாக்டரிடம் சொன்னால் மாத்திரையைக் கூட்டுவார். இனியாவிடம் சொன்னால் அழுவாள். இவர்கள் "கேட்டோம்" என்றார்கள். ரஃபீக் மட்டும் இறங்கும்போது படியில், "கேசரியை நினைச்சா எனக்கே ஏக்கமா இருக்குக்கா" என்றான்.

இப்போது குரூப் கம்ப்யூட்டர் திரையில் நடக்கிறது. நல்லதுதான். ஆனால் திரைக்குள் சொம்பை எப்படி நீட்டுவது?

எங்களோடு ஒருவர் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நேரான முதுகு, பள்ளிக்கூட வாத்தியார் தோரணை. பெயர் சொல்லவில்லை, நாங்களாகவே "சார்" என்று கூப்பிட்டோம். ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. ஒரு சனிக்கிழமைகூடப் பேசியதுமில்லை. சொம்பு வரும். இரண்டு கையாலும் வாங்குவார். உள்ளே எதையோ தேடுவது போலப் பார்ப்பார். "இன்னைக்கு இல்ல" என்று என்னிடம் நீட்டுவார். நான் பெரும்பாலும் அவருக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். மற்றவர்கள் பேசி முடித்ததும் "கேட்டோம்" என்று முதலில் சொல்வது அவர்தான். கனமான குரல். அந்த ஒரு வார்த்தைக்காகவே பேசலாம் போலிருக்கும். ஒருமுறை டெக்காவில் நேருக்கு நேர் வந்துவிட்டார். விதிப்படி அவர் ஒரு பாகற்காயை எடுத்து டாக்டர் மாதிரி ஆராய ஆரம்பித்தார். நான் மீன் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சமயத்தில்தான் இனியா அகிலனைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவாயிற்று. கூடப் படித்த பையன், புக்கிட் பாத்தோக்கில் வீடு. தங்கமான பிள்ளை. என் நோய் அவனுக்குத் தெரியும். அவன் பெற்றோருக்குத் தெரியாது. ஒரு நாள் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"ஆன்ட்டி, அம்மா ஓகேலா. அப்பாகிட்ட மட்டும் இப்ப சொல்ல வேண்டாம். ஸ்கூல்ல டிசிப்ளின் மாஸ்டரா இருந்தவர். வீட்டிலயும் அப்படித்தான்."

இனியா தனியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணம் முடியட்டும்மா. அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். ப்ளீஸ்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு என்ன என்று பள்ளியில் கேட்டால் காய்ச்சல் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த பிள்ளை. அவளுக்கு ஒரே ஒரு கல்யாணம். அது என்னால் நின்றுபோனால் நான் எந்த மாத்திரையிலும் தேற மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சொம்பு என் கைக்கு வந்ததும் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"மாப்பிள்ளையோட அப்பா இருக்காரே, டிவில யாராச்சும் மனக்கஷ்டம்னு பேசினா சேனலை மாத்திருவாராம். இதெல்லாம் சோம்பேறிங்க வியாதின்னு சொல்வாராம். அந்த மனுஷன் முன்னாடி நான் எப்படிப் போய் உட்காருவேன்? பொண்ணு வாயைத் திறக்காதேங்கிறா. நானும் திறக்கப் போறதில்ல. ஆனா எனக்கு என்னமோ திருடப் போற மாதிரி இருக்கு. புக்கிட் பாத்தோக் போற பஸ்ஸைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கிறேன்."

எல்லோரும் "கேட்டோம்" என்றார்கள். அன்று சாரின் குரல் அதில் இல்லை. நான் அதைக் கவனித்தேன். தொண்டை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழத்தட்டும் வெற்றிலை பாக்கும் பூவுமாக நானும் இனியாவும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். காதல் கல்யாணம், ஆகவே பெண்ணும் கூடவே வந்தாள். கதவைத் திறந்தவர் சார்.

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. புக்கிட் பாத்தோக், டிவி சேனல், டிசிப்ளின் மாஸ்டர். அந்தச் சனிக்கிழமையிலிருந்தே மனுஷனுக்குத் தெரியும். இத்தனை வாரமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சொம்பை வாங்கி என்னிடமே கொடுத்திருக்கிறார்.

"வாங்க. நான் சேதுபதி, அகிலனோட அப்பா" என்றார், வாழ்நாளில் என்னைப் பார்த்ததே இல்லாதவர் மாதிரி.

விதி என்றால் விதி. நானும் "வணக்கம்ங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவர் மனைவி சரஸ்வதி என்னைப் பிடித்துப் பெரிய சோபாவில் உட்கார வைத்தார். வாய் ஓயாத, மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத பெண்மணி என்று தோன்றியது. அதில் பாதி தவறு என்று பிறகு தெரிந்தது. கூடத்தில் கண்ணாடி அலமாரி நிறைய எவர்சில்வர் பாத்திரங்கள், ஒட்டிய சீட்டுகூடப் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. இவ்வளவு பாத்திரத்தை வைத்துக்கொண்டு மூன்று பேர் என்ன செய்கிறார்கள் என்று யோசித்தேன். சார் வந்து எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். வேறு இடம் இல்லை. சரஸ்வதி தட்டில் டம்ளர்களும் சொம்பு நிறையத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். நானும் சாரும் ஒரே நேரத்தில் அந்தச் சொம்பைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

பேச்சு நன்றாகவே போனது. மண்டபம், சமையல், நாதஸ்வரம் எல்லாம் பேசியாயிற்று. பிறகு சரஸ்வதி, "வர்ற சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சிராங்கூன் ரோட்டுக்குப் போய் முகூர்த்தப் புடவை பார்த்திடலாமா?" என்று கேட்டார்.

"சனிக்கிழமை முடியாது" என்றேன் நான்.

"சனிக்கிழமை முடியாது" என்றார் சார்.

ஒரே மூச்சில் சொல்லிவிட்டோம். அகிலன் சிரித்தான். சரஸ்வதியும் சிரித்தார்.

"அவருக்குச் சனிக்கிழமை கோயில் கமிட்டி மீட்டிங். உங்களுக்கு என்ன சம்பந்தி?"

சாதாரணமாகத்தான் கேட்டார். மேசைக்கு அடியில் இனியாவின் கால் என் காலை மிதித்தது. என்னிடம் பொய்க்குப் பஞ்சமில்லை. பாட்டு வகுப்பு, பல் டாக்டர், சிநேகிதி வீடு என்று காலமெல்லாம் சொல்லிப் பழகிய பொய்கள் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. ஆனால் பக்கத்தில் சார் இருந்தார். அந்தப் பொய்கள் ஒவ்வொன்றையும் நான் அவர் எதிரில்தான் கழற்றி வைத்திருந்தேன். உண்மை தெரிந்த ஒருவர் காதுபட எடுத்து மறுபடி மாட்டிக்கொள்ள எனக்குக் கூசியது. தண்ணீர் குடிப்பது போலச் சொம்பை எடுத்தேன். குடிக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். அது கையில் வந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கு ஒரு வியாதி இருக்கு சம்பந்தி. மனசு சம்பந்தப்பட்டது. ரொம்ப வருஷமா இருக்கு. மாத்திரை சாப்பிடறேன். வேலையை நானா விடல, அதனாலதான் போச்சு. ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். இவ சின்னப் பிள்ளையா இருக்கும்போது இவதான் எனக்குச் சோறு போட்டிருக்கா. சனிக்கிழமை என்னை மாதிரி இருக்கிறவங்க ஒண்ணா உட்கார்ந்து பேசுவோம். அதை நான் விடமாட்டேன். விட்டா விழுந்திடுவேன். கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லலாம்னுதான் வந்தேன். முடியல. என் மேல என்ன கோபம் வந்தாலும் வரட்டும், என் பொண்ணை மட்டும் தப்பா நினைக்காதீங்க."

இனியா தலையைக் குனிந்துகொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது வலப்பக்கத்திலிருந்து கனமான குரல் வந்தது.

"கேட்டோம்."

வேண்டுமென்று சொல்லவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. சொன்ன பிறகு அவரே திடுக்கிட்டார். அதைவிடக் கொடுமை, என் கை தன் பாட்டுக்குச் சொம்பை வலப்பக்கம் நீட்டியது. அவர் கை தன் பாட்டுக்கு வாங்கிக்கொண்டது. எத்தனை சனிக்கிழமை பழக்கம்! சரஸ்வதி என்னையும் அவரையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. இன்னைக்கு இல்லைன்னு சொல்லிடுங்க சார் என்று மனசுக்குள் கெஞ்சினேன். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தால்கூடப் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் எப்போதும் போலச் சொம்புக்குள் பார்த்தார்.

"சரசு, நான் காலையில வாக்கிங் போறேன்ல" என்றார். "போறதில்ல. ஷூ போட்டுக்கிட்டுக் கீழ்த்தளத்துல கல் மேசைகிட்ட உட்கார்ந்திடுவேன். எழுந்திரிக்க முடியாது. நேரம் ஆனதும் முகத்துல தண்ணி தெளிச்சுக்கிட்டு, வேர்த்த மாதிரி மேல வருவேன். ரிட்டயர் ஆனதுல இருந்து அப்படித்தான். அகிலன் பட்டம் வாங்கினப்ப போட்டோல சிரிச்சேன். எனக்கு ஒண்ணுமே தோணல. என் பையன் நிக்கிறான், எனக்கு ஒண்ணுமே தோணல. டிவில அதைப் பத்திப் பேசினா என்னையே பேசற மாதிரி இருக்கும், அதான் மாத்திருவேன். கோயில் கமிட்டி இல்ல. இவங்க போற இடத்துக்குத்தான் நானும் போறேன். இவங்க பேசுவாங்க. நான் பேசினதில்ல. இன்னைக்குத்தான்."

அகிலன் எழுந்துபோய் அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தான். இனியாவின் கால் என் காலை விட்டது. அவள் கை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

சரஸ்வதி முந்தானையை இழுத்துச் செருகினார்.

"தெரியும்" என்றார். "அந்தக் கமிட்டியைப் போன வருஷமே கலைச்சிட்டாங்க. வடை ஆறுது, எடுத்துட்டு வர்றேன்."

அடுப்படிக்குப் போனவர் திரும்பி வர நேரமாயிற்று. உள்ளே மூக்கு உறிஞ்சும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. வடை ஆறித்தான் வந்தது. கல்யாணத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. புடவை ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம்.

குரூப்பில் எப்போதாவது ஒரு சனிக்கிழமை வீட்டார் வரலாம் என்று வைத்திருந்தார்கள். வைஷாலி ஒவ்வொரு முறையும் ஆசையாக நாற்காலி போடுவாள். ஒருவர் வீட்டிலிருந்தும் ஒருவரும் வர மாட்டார்கள். அந்தத் தடவை சாருக்குப் பின்னால் சரஸ்வதி படியேறி வந்தார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. கதிரேசன் எழுந்து நின்றுவிட்டார்.

சொம்பு சுற்றி வந்தது. சாரின் கைக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அவர் உள்ளே பார்த்தார். "இன்னைக்கு இல்ல" என்று மனைவியிடம் நீட்டினார். எனக்கு எரிச்சல்கூட வந்தது.

சரஸ்வதி சொம்பைத் திருப்பி அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தார்.

"இது கீழ்க் கடைச் சொம்புதானே? எனக்கு அந்தக் கடையில எல்லாச் சாமானும் தெரியும். கமிட்டி இல்லைன்னு தெரிஞ்சதும் முதல்ல வேற மாதிரி சந்தேகப்பட்டேன். பின்னாலயே வந்தேன். இந்தப் படியில ஏறினார். வாசல்ல இருந்த போர்டைப் படிச்சேன். மேல வந்து கூப்பிட்டா, அப்புறம் இவரு வரவே மாட்டாருன்னு பயம். அதனால கீழயே நிப்பேன். எத்தனை நேரம் சும்மா நிக்கிறது? கடைக்காரர் என்ன நினைப்பார்? ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது வாங்குவேன். வீட்டுல இட்லிப் பானை மட்டும் மூணு இருக்கு. இவரு இறங்கி வர்ற செருப்புச் சத்தம் கேட்டா, பின்வாசல் வழியா ஓடிப்போய் அவருக்கு முந்தின பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போய் டீ போடுவேன். வந்து குடிப்பாரு. மீட்டிங் எப்படின்னு கேப்பேன். நல்லா இருந்துச்சும்பாரு. அவ்வளவுதான் எனக்குக் கிடைச்சது."

அதோடு நிறுத்தவில்லை. ஷூவைப் பற்றிச் சொன்னார். காலையில் அவர் கீழே உட்கார்ந்திருப்பதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தோசை சுட்டதைச் சொன்னார். தனக்கு யாரும் இல்லை என்று சொன்னார். சிரித்தார், அழுதார், ரஃபீக்கைப் பார்த்து நீ ஏன் இவ்வளவு ஒல்லியாக இருக்கிறாய் என்று கேட்டார். வைஷாலி கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. கதிரேசன் கையைத் தொடைக்கடியில் வைக்க மறந்துபோனார். அன்று வேறு யாருக்கும் சொம்பு கிடைக்கவில்லை.

கடைசியில் அவர் சொம்பை நடுவில் வைத்தார். நாங்கள் வாயெடுக்கும் முன்னே சாரின் குரல் வந்தது.

"கேட்டேன், சரசு."